காய்ச்சல் விட்ட நாளில் பிள்ளை என்ன சொல்கிறான்?

பினாங்கில் ஒரு கிளினிக்கில் தாதியாக இருக்கிறேன். டிங்கி (டெங்கு) காய்ச்சல் கண்ட பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி சொல்வது, "காய்ச்சல் விட்டுருச்சு மிஸ்ஸி, நல்லாயிட்டான்". அதைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

டிங்கியில் காய்ச்சல் இறங்கும்போதுதான், பெரும்பாலும் 3 முதல் 7ஆம் நாளுக்குள், ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கலாம். அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். தெர்மோமீட்டர் 37 காட்டும், அம்மா நிம்மதியாக வேலைக்குக் கிளம்பிவிடுவார். பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுவார்கள், சரி. தேறாத பிள்ளையின் உடம்பில் நடப்பது முதலில் அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்.

ஒரு பையன், மூன்றாம் ஆண்டு. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும் அன்றைய ரத்தப் பரிசோதனைக்கு வராமல் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். வயிறு வலிக்கிறது என்று காலையிலேயே சொல்லியிருக்கிறான், ஆனால் அன்று கணிதச் சோதனை, அப்பா நம்பவில்லை (என் மகளை நானே அப்படி எத்தனை தடவை விரட்டியிருக்கிறேன்). மதியத்துக்குள் மூன்று முறை வாந்தி, கைகால் சில்லிட்டுப்போய்த் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை பேச்சுக் கொடுத்தபோதுதான் சொன்னான், முந்தின ராத்திரியே மலம் கறுப்பாகப் போனதாம். ஏன்டா சொல்லலை என்றேன். "அதெல்லாமா சொல்வாங்க மிஸ்ஸி?"

பிழைத்துவிட்டான். அதிலிருந்து பெற்றோரிடம் பேசும் முன் பிள்ளையிடம் பேசுகிறேன். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால், மலம் கறுப்பாகப் போனால், எழுந்து நின்றால் தலை சுற்றினால், வயிறு விடாமல் வலித்தால் வெட்கப்படாமல் உடனே சொல்லணும், யாரும் திட்ட மாட்டாங்க. கடைசி வாக்கியத்தை அப்பா அம்மா காதில் விழும்படிதான் சொல்வேன். அப்புறம் ஒரு தாளில் கட்டம் போட்டு, மூத்திரம் போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடச் சொல்வேன். 4 முதல் 6 மணி நேரமாகக் கோடே விழவில்லை என்றால் கிளம்பி வந்துவிட வேண்டும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, அதனால் ஏமாற்றாமல் செய்கிறார்கள்.

பெற்றோருக்கு: காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் மட்டும், அதுவும் சொன்ன அளவில். இபுபுரோபன், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டும். பப்பாளி இலைச் சாறு பற்றி வாதாட எனக்குத் தெம்பில்லை, அதை நம்பி ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், அவ்வளவுதான். பாட்டியோடு தனியாக இருக்கும் பிள்ளைக்கு 999 அழைக்கவும் வீட்டு முகவரி சொல்லவும் பழக்குங்கள். அடுக்குமாடியின் பெயர் எல்லாப் பிள்ளைக்கும் தெரிகிறது, புளோக்கும் மாடியும் கேட்டால் விழிக்கிறார்கள்.

அந்தப் பையன் மறுபரிசோதனைக்கு வந்தபோது தாளை மடித்துக் கொண்டுவந்தான். அதில் தங்கச்சிக்கும் ஒரு வரிசை. அவளுக்குக் காய்ச்சலே இல்லை.