முதல் பேஸ் கிட்டார்: 30 அங்குலமா, 34 அங்குலமா?

கிட்டார் வாசிக்கிற ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எலக்ட்ரிக் கிட்டார் ஓரளவு நன்றாகவே வாசிப்பேன், இப்போது முதல் பேஸ் வாங்கப் போகிறேன். 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் வாங்கு, கைக்குச் சுலபம் என்கிறார்கள் சிலர். 34 அங்குலம் இல்லாவிட்டால் அது பேஸே இல்லை என்கிறார்கள் வேறு சிலர். இயற்பியல் யார் பக்கம்?"

இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. இந்த அங்குலக் கணக்கு தந்தி அதிர்கிற நீளம், அதைத்தான் ஸ்கேல் என்பார்கள். கடைசியில் நான் 34 என்றுதான் சொல்லப் போகிறேன், ஆனால் அதற்கான காரணம் நம் காதுக்குள் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

பள்ளிப் பாடத்தை வேகமாகத் தாண்டிவிடுவோம். 1636-இல் பிரெஞ்சு அறிஞர் மெர்சென் எழுதி வைத்த விதி: தந்தி நீளமானால் அதிர்வெண் குறையும், கனமானால் குறையும், இறுக்கினால் கூடும். நீளத்துக்கு நேரடியாக எதிர்விகிதம், மற்ற இரண்டும் வர்க்கமூலக் கணக்கு. கிட்டாரின் தடித்த ஈ தந்தி 82.4 ஹெர்ட்ஸ், பேஸின் ஈ தந்தி சரியாக ஒரு ஆக்டேவ் கீழே, அதாவது பாதி அதிர்வெண்ணில், 41.2 ஹெர்ட்ஸ். சரி, கிட்டாரிலேயே அந்தத் தந்தியைத் தளர்த்தி 41-க்கு இறக்கினால் என்ன? வழக்கமான 46 கேஜ் (0.046 அங்குலத் தடிமன்) தந்தியில் இழுவிசை ஏறக்குறைய 8 கிலோ. ஒரு ஆக்டேவ் இறக்கினால் அது நாலில் ஒரு பங்காகி 2 கிலோவில் நிற்கும், தந்தி, கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளிலெல்லாம் தட்டிக்கொண்டு இரையும், விரலைக் கொஞ்சம் அழுத்தினாலே சுருதி ஏறிவிடும். இழுவிசையை விடாமல் தந்தியைத் தடிமனாக்கினால்? நிறை நாலு மடங்கு வேண்டும், அதாவது விட்டம் இரண்டு மடங்கு. அங்கேதான் வேறொரு சிக்கல் வருகிறது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். மிச்சமிருக்கிற வழி நீளம். 1951-இல் வந்த ஃபெண்டர் ப்ரிசிஷன் பேஸில் நீளத்தை 34 அங்குலம் என்று வைத்தார்கள். கிட்டாரின் 25.5-க்கும், நின்றுகொண்டு வாசிக்கிற டபுள் பேஸின் 41, 42-க்கும் நடுவில் ஒரு சமரசம். கிப்ஸன் 30.5 அங்குலத்தில் செய்தது, ஹோஃப்னரின் வயலின் வடிவ பேஸ் 30 அங்குலம், பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி கையில் அதைத்தான் உலகமே பார்த்தது. ஆக, ஷார்ட் ஸ்கேல் என்பது குழந்தைகளுக்கான பொம்மை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம்.

பேஸின் ஈ தந்தியைத் தட்டினால் நம் காதில் விழுவது 41 ஹெர்ட்ஸ் என்றுதானே நினைக்கிறோம்? பெரும்பாலான நேரம் அந்த 41 ஹெர்ட்ஸ் காதுக்கு வருவதே இல்லை. சின்ன ஸ்பீக்கர்கள் அந்த அதிர்வெண்ணில் காற்றை ஒழுங்காக அசைக்கக்கூட முடியாதவை. வந்தாலும் நம் காது அந்தப் பகுதியில் படுமந்தம்: மெல்லிய ஒலி அளவில், 1000 ஹெர்ட்ஸ் ஒலியோடு ஒப்பிட்டால் 40 ஹெர்ட்ஸ் ஒலியை சுமார் 40 டெசிபெல் கூடுதலாகக் கொடுத்தால்தான் இரண்டும் ஒரே சத்தமாகத் தோன்றும். அப்படியிருந்தும் கைபேசியில் பாட்டுக் கேட்கும்போது பேஸ் என்ன சுரம் வாசிக்கிறது என்று நம்மால் சொல்ல முடிகிறது. எப்படி?

தந்தி ஒரே ஒரு அதிர்வெண்ணில் ஆடுவதில்லை என்பது தெரிந்ததுதான். 41-உடன் 82, 124, 165, 206 என்று மேற்சுரங்கள் வரிசையாக வருகின்றன. முதல் ஆளைத் தூக்கிவிட்டாலும் மீதிப் பேர் ஒவ்வொருவருக்கும் நடுவே 41 இடைவெளி அப்படியே இருக்கிறது. மூளை அந்த இடைவெளியைப் பார்த்து, "இந்த வரிசைக்கு அடியில் 41 இருந்தாக வேண்டும்" என்று முடிவு கட்டிவிடுகிறது. இல்லாத சுரத்தை நாம் கேட்கிறோம். பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் ஒழுங்காக அனுப்பாது, ஆண்களின் பேச்சுக்குரலின் அடிப்படை அதிர்வெண்ணோ 100-ஐ ஒட்டி இருக்கும், ஆனால் போனில் பேசுகிற எந்த அப்பாவின் குரலும் கீச்சுக்குரலாகக் கேட்டதில்லையே. அதே கதைதான்.

இதன் பின்னால் நூறு வருஷத்துச் சண்டை ஒன்று இருக்கிறது. 1841-இல் சீபெக் என்பவர் ஓட்டை போட்ட வட்டத்தகட்டைச் சுற்றவிட்டு அதன் மேல் காற்றை ஊதினார். அடிப்படை அதிர்வெண் மிகப் பலவீனமாக இருந்தும் அதன் சுருதி பலமாகக் கேட்கிறது என்றார். அதெப்படி, அந்த அதிர்வெண் ஒலியில் இருந்தால்தானே காது கேட்கும் என்று மறுத்தவர் ஓம். ஆமாம், மின்னோட்டத்துக்கு விதி சொன்ன அதே ஓம். பின்னால் ஹெல்ம்ஹோல்ட்ஸும் ஓம் பக்கம் சேர்ந்துகொள்ள, சீபெக்கின் பேச்சு எடுபடவில்லை. 1940-ஐ ஒட்டி, பிலிப்ஸ் ஆய்வகத்தில் இருந்த ஸ்கௌட்டன் அடிப்படை அதிர்வெண்ணைச் சுத்தமாக நீக்கிவிட்டுக் கேட்க வைத்தார், சுருதி அசையவே இல்லை. காதுக்குள்ளேயே ஏதோ சிதைவு ஏற்பட்டு அந்தத் தாழ்ந்த அதிர்வெண் அங்கே உற்பத்தியாகிறது என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார்கள். 1954-இல் லிக்லைடர் அந்தத் தாழ்ந்த பகுதி முழுவதையும் இரைச்சலால் நிரப்பினார், அங்கே என்ன உற்பத்தியாகியிருந்தாலும் அமுங்கிப் போயிருக்கும், ஆனாலும் சுருதி கேட்டது. 1972-இல் ஹௌட்ஸ்மாவும் கோல்ட்ஸ்டைனும் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு மேற்சுரத்தை இடது காதிலும் அடுத்த மேற்சுரத்தை வலது காதிலும் தனித்தனியாகக் கொடுத்தார்கள். இரண்டும் கலப்பதற்கு மூளையைத் தவிர வேறு இடமே இல்லை. அப்போதும் அடிப்படைச் சுருதி கேட்டது! இந்தச் சோதனையைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது. மூளை இதை எந்த வழியில் கணக்கிடுகிறது என்பதில் இன்னமும் விவாதம் ஓய்ந்தபாடில்லை.

இதில் ஒரு சின்னப் புலம்பல். ஓட்டைத் தகட்டை ஊதிப் பார்க்க நிதி வேண்டும் என்று இன்றைக்கு ஒருவர் விண்ணப்பித்தால், "இதனால் உடனடிப் பயன் என்ன?" என்ற கட்டத்தை நிரப்பச் சொல்லியே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சின்ன ஸ்பீக்கரில் பேஸ் இருப்பதுபோலத் தோன்றச் செய்கிற இன்றைய மென்பொருள்கள் அத்தனையும் அந்த ஓட்டைத் தகட்டின் வாரிசுகள்தான்.

சரி, பேஸ் வாங்குவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? மூளையின் கணக்கு, மேற்சுரங்கள் ஒழுங்கான இடைவெளியில் இருப்பதை நம்பித்தான் நடக்கிறது. ஆனால் உண்மையான தந்தி பாடப்புத்தகத் தந்தி மாதிரி வளைந்து கொடுப்பதில்லை, அதற்கென்று ஒரு விறைப்பு இருக்கிறது. விறைப்பு இருந்தால் மேற்சுரங்கள் ஒவ்வொன்றும் இருக்க வேண்டிய இடத்தைவிடக் கொஞ்சம் மேலே தள்ளிப் போகும், மேலே போகப் போக இன்னும் அதிகமாக. வரிசை கலைகிறது, சுருதி மங்குகிறது. தடித்த தந்தியின் சிக்கல் என்று மேலே சொன்னேனே, இதுதான்: விறைப்பின் விளைவு விட்டத்தின் நான்காம் படியில் ஏறுகிறது. அதனால்தான் பேஸ் தந்தியின் நடுவில் மெல்லிய உள்கம்பி, அதன் மேல் சுற்றிச் சுற்றி இன்னொரு கம்பி. வெளிச்சுற்று நிறையைத் தருகிறது, விறைப்பை அதிகம் தருவதில்லை. எளிமையான, அபாரமான தந்திரம்.

இப்போது நீளத்தைப் பாருங்கள். அதே தந்தியை, அதே சுருதிக்கு, 34-க்குப் பதில் 30 அங்குலத்தில் கட்டினால் இழுவிசை 22 சதவீதம் குறைகிறது, 17 கிலோவில் இருந்த ஈ தந்தி 13 கிலோ சொச்சத்துக்கு வந்துவிடும். கைக்குச் சுலபம் என்கிறார்களே, அது உண்மைதான். ஆனால் விறைப்பின் விளைவு இழுவிசைக்கும் எதிர்விகிதம், நீளத்தின் வர்க்கத்துக்கும் எதிர்விகிதம். இழுவிசையே நீளத்தின் வர்க்கத்தில் குறைவதால் மொத்தத்தில் நீளத்தின் நான்காம் படி! நாலே அங்குலம் குறைத்ததற்கு விறைப்பின் விளைவு 65 சதவீதம் கூடிவிடுகிறது. கிட்டார் அளவு 25.5 அங்குலத்தில் கட்டினால் மூன்று மடங்குக்கும் மேல். சின்ன பியானோவின் தாழ்ந்த சுரங்கள் மந்தமாகவும், கச்சேரி மேடைப் பெரிய பியானோவில் அதே சுரங்கள் தெளிவாகவும் கேட்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். நடைமுறையில் ஷார்ட் ஸ்கேல் தந்திகளை வேறு உள்கம்பி போட்டுச் செய்கிறார்கள், வித்தியாசம் முழு 65-ஆக இருக்காது, ஆனால் திசை அதுதான். 30 அங்குல பேஸில் மேற்சுரங்கள் அடங்கி, உருண்டையான, மொத்தமான ஒலி வருவதில் இதற்கும் பங்குண்டு. சில பாட்டுகளுக்கு அதுவே அழகு. ஆனால் ஐந்து தந்தி பேஸ் வேண்டும், அதன் பி தந்தி 30.9 ஹெர்ட்ஸில் தெளிவாக ஒலிக்க வேண்டும் என்றால் 30 அங்குலத்தை மறந்துவிடுங்கள், அதற்கு 35 அங்குலம் செய்கிறவர்களே இருக்கிறார்கள். முதல் பேஸுக்கு நாலு தந்தி போதும்.

கை எட்டுமா என்ற பயத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் துண்டு) முதல் ஃப்ரெட் கிட்டாரில் 36 மி.மீ., 30 அங்குல பேஸில் 43, 34 அங்குலத்தில் 48. நாலாவது ஃப்ரெட் வரை எட்டிப் பார்த்தால் கிட்டாரில் 13 செ.மீ. சொச்சம், 34 அங்குலத்தில் 18 செ.மீ. வித்தியாசம் கையில் நிச்சயம் தெரியும். ஆனால் 34-இல் முக்கால் பங்கு எவ்வளவு? 25.5. ஐந்தாவது ஃப்ரெட்டில் விரல் வைத்தால் மிஞ்சுகிற தந்தியின் நீளம் ஏறக்குறைய முக்கால் பங்கு. அதாவது நீண்ட பேஸின் ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து மேலே நீங்கள் ஏற்கெனவே வாசிக்கிற கிட்டாரின் ஃப்ரெட் இடைவெளிதான் இருக்கிறது! கஷ்டமெல்லாம் முதல் நாலு ஃப்ரெட்டில் மட்டும். அங்கே ஒரு விரலுக்கு ஒரு ஃப்ரெட் என்று அடம் பிடிக்காமல், டபுள் பேஸ்காரர்கள் மாதிரி மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து ஒரே விரலாக வைத்து, கையை நகர்த்தி வாசித்தால் முடிந்தது. அதனால்தான் கிட்டாரிஸ்டுக்கு 34 என்கிறேன். கை ரொம்பச் சின்னது, அல்லது மணிக்கட்டு வலிக்கிறது என்றால் யோசிக்காமல் 30 எடுங்கள், மணிக்கட்டைவிட மேற்சுரம் முக்கியமில்லை.

பிக்கப் விஷயம். தந்தியின் ஆட்டத்தை மின்சாரமாக மாற்றுகிற காந்தக் கருவிதான் பிக்கப். பிக்கப் தந்தியின் எந்த இடத்துக்குக் கீழே இருக்கிறதோ அந்த இடத்தின் ஆட்டத்தை மட்டும்தான் பார்க்கும். ப்ரிசிஷன் வகை பேஸில் அது பிரிட்ஜிலிருந்து (உடல் பக்கம் தந்தியைத் தாங்கும் பகுதி) ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கிறது. அந்த இடத்தில் அடிப்படை அதிர்வு அதன் உச்ச வீச்சில் பாதிதான் ஆடுகிறது, ஈ தந்தியின் 82 ஹெர்ட்ஸ் மேற்சுரம் 87 சதவீதம், 124 ஹெர்ட்ஸ் மேற்சுரம் முழு உச்சத்தில். பாருங்கள், மூளைக்குத் துப்புக் கொடுக்கிற ஆட்களை எடுத்துக்கொள்ள எவ்வளவு தோதான இடம்! ஃபெண்டரின் இன்னொரு மாடலான ஜாஸ் வகையில் பிரிட்ஜ் பக்கம் இன்னொரு பிக்கப் இருக்கும், அதை மட்டும் திறந்தால் ஒலி மெலிந்து, மூக்கால் பேசுகிற மாதிரி வரும். ஜாஸ் வகையின் கழுத்து நட் பக்கம் 38 மி.மீ. அகலம்தான், கிட்டார் கைக்கு ஒத்துப்போகும். ஒரு பிக்கப்பா இரண்டா என்பதில் எனக்குப் பெரிய கருத்து இல்லை. பேட்டரி போடுகிற ஆக்டிவ் வகையை மட்டும் முதல் பேஸில் தவிர்க்கலாம், குமிழ்கள் கூடினால் பயிற்சி குறையும்.

மரம் பற்றிய மூடநம்பிக்கையையும் பேசிவிடலாம். இந்த மரம் போட்டால் "சூடான" ஒலி, அந்த மரம் போட்டால் "திறந்த" ஒலி என்று விளம்பரம் வரும். பிக்கப்பின் காந்தத்துக்கு மரம் தெரியாது, தந்தியின் எஃகுதான் தெரியும். கெட்டியான உடல் கொண்ட பேஸில், பிக்கப் இருக்கும் இடமும் தந்தி புதுசா பழசா என்பதும் உண்டாக்கும் வித்தியாசத்துக்கு முன்னால் உடலின் மரத்துக்காக நான் கூடுதல் பணம் தரமாட்டேன். கழுத்து வேறு விஷயம். கழுத்து நீளமானது, அதற்கென்று சொந்த அதிர்வெண்கள் உண்டு. நீங்கள் வாசிக்கிற சுரம் அதோடு ஒத்துப்போனால் தந்தியின் ஆற்றலைக் கழுத்து உறிஞ்சிக்கொள்ளும், அந்தச் சுரம் மட்டும் சட்டென்று அடங்கிவிடும். இதை டெட் ஸ்பாட் என்பார்கள். பல பேஸ்களில் இது ஜி தந்தியின் ஐந்தாவது முதல் ஏழாவது ஃப்ரெட்டுக்குள் வரும். கடையில் ஆம்பை (ஒலிபெருக்கியை) அணைத்துவிட்டு அந்த மூன்று சுரங்களையும் ஒவ்வொன்றாகத் தட்டி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள், ஒரே மாடலில் இரண்டு பேஸ் இருந்தால் இரண்டையும் கேளுங்கள். தலைப்பகுதியில் ஒரு கனமான கவ்வியை மாட்டினால் டெட் ஸ்பாட் பக்கத்து ஃப்ரெட்டுக்கு நகர்ந்துவிடுவதும் உண்டு. அப்புறம், வாரில் மாட்டிவிட்டுக் கையை எடுத்துப் பாருங்கள். தலை தரையை நோக்கிச் சாய்ந்தால் அந்த எடையை இனி உங்கள் இடது கைதான் சுமக்க வேண்டும்.

கடைசியாக ஆம்ப். இருக்கிற கிட்டார் ஆம்பிலேயே பேஸை மாட்டலாமா என்றால், மெல்ல வாசிக்கலாம். ஒரு ஆக்டேவ் கீழே அதே ஒலியழுத்தம் வர ஸ்பீக்கர் கூம்பு நாலு மடங்கு தூரம் ஆட வேண்டும், கிட்டார் ஸ்பீக்கர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பின்பக்கம் திறந்த பெட்டியாக இருந்தால் முன்னால் போகிற அலையும் பின்னால் போகிற அலையும் தாழ்ந்த அதிர்வெண்களில் ஒன்றையொன்று அழித்தும்விடும். ஆனாலும் 82, 124, 165 எல்லாம் வந்துகொண்டிருப்பதால் வீட்டில் தனியாகப் பழகும் வரைக்கும் அதுவே தாராளம். டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்கப் போகிற நாளில் பேஸுக்கான ஆம்ப் வாங்கிக்கொள்ளலாம். அதற்குள் ஒலியைக் கூட்டும்போது கூம்பு படபடக்கிற சத்தம் கேட்டால் உடனே குறைத்துவிடுங்கள், அதற்கு மேல் போனால் ஸ்பீக்கர் பழுதாகலாம்.