அதிர்வலை: ஒரு சொல், மூன்று அலைகள்

'அரசியல் வட்டாரத்தில் அதிர்வலைகளை ஏற்படுத்தியது' என்று நாளேடுகள் எழுதி எழுதித் தேய்த்துவிட்ட இச்சொல், வெடிப்பைப் பற்றிய செய்தியில் வரும்போது வெவ்வேறான மூன்று அலைகளுக்குப் பொதுப்பெயராகிக் குழப்பம் தருகிறது.

வேர்ச்சொல் 'அதிர்'. 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்' என்கிறது தொல்காப்பிய உரியியல். நடுங்குவது மட்டுமன்றி முழங்குவதும் அதிர்தலே. பறை அதிர்கிறது என்னும்போது தோலின் நடுக்கத்தையும் அது எழுப்பும் ஓசையையும் சேர்த்தே சொல்கிறோம். நில அதிர்வைச் சார்ந்ததைக் குறிக்கும் 'சீஸ்மிக்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு மூலமான கிரேக்கச் சொல்லுக்கோ குலுக்கம் என்பதே பொருள். நிலநடுக்கவியலுக்குச் 'சீஸ்மாலஜி' என்ற பெயரை வழங்கியவராகக் கருதப்படும் அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மாலட், 1849-இல் டப்ளின் அருகே கில்லினி கடற்கரையில் வெடிமருந்தைப் புதைத்து வெடிக்கச்செய்து, தொலைவில் வைத்த பாதரசப் பரப்பின் நடுக்கத்தைக் கொண்டு மணலில் அலை செல்லும் வேகத்தை அளந்தார்.

வெடித்த பொருள் நொடியில் வெப்ப வளிமமாகி, சூழ்ந்த காற்றை ஒலியினும் விரைவாகத் தள்ளும்போது பிறப்பது அதிர்ச்சி அலை. தொலைவு கூடக்கூட அது வலுவிழந்து வெறும் ஒலியலையாகிறது. அதே உந்தல் நிலத்தை எல்லாத் திசைகளிலும் வெளிநோக்கி அழுத்துவதால் எழுவது நில அதிர்வலை. நிலநடுக்கத்தில் பாறை பிளவின் வழியே வழுக்குவதால் முதல் அசைவு சில திசைகளில் தள்ளலாகவும் சிலவற்றில் இழுப்பாகவும் பதிவாகும். வெடிப்பையும் நிலநடுக்கத்தையும் பிரித்தறிய ஆய்வாளர்களுக்கு உதவுவதில் இவ்வேறுபாடும் ஒன்று.

பெய்ரூத் துறைமுகத்தில் 2020 ஆகஸ்ட் 4 அன்று ஏறத்தாழ 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தபோது, அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் 3.3 என்ற நில அதிர்வு அளவைப் பதிந்தது. ஓசையோ 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சைப்ரஸ் தீவிலும் கேட்டது. தரைமேல் நிகழ்ந்த வெடிப்பாதலால் ஆற்றலின் பெரும்பகுதி காற்றில் போய்விட, அந்த 3.3 வெடிப்பின் முழு வலிமையையும் காட்டவில்லை. பாறை வழியே அலை விநாடிக்குச் சில கிலோமீட்டர் ஓட, காற்றில் ஒலி 340 மீட்டர்தான் கடக்கும். எனவே மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள வீட்டில் முதலில் அலமாரிப் பாத்திரங்கள் குலுங்கும். ஓசை வந்துசேர ஏறக்குறைய ஒன்பது விநாடியாகும்.

'அதிர்ச்சி அலை' மன அதிர்ச்சியை நினைவூட்டுவதால் எனக்கு அவ்வளவு உவப்பில்லை. ஆயினும் அது வழக்கில் ஊன்றிவிட்டது. மண்வழிச் செல்வதற்கு 'நில அதிர்வலை' பொருந்தும். கல்குவாரி வெடியால் எழும் அலையைக்கூட 'நிலநடுக்க அலை' என்பது பிழை. பெய்ரூத் செய்திக்கும் '3.3 அளவு நிலநடுக்கம்' என்று தலைப்பிடுவதைவிட, 'நில அதிர்வு 3.3 எனப் பதிவானது' என்று எழுதுவதே சரி.