ஸ்காட்லாந்தில் மரபுச்சின்னம் அணிய யாருக்கு உரிமை?

ஸ்காட்லாந்துச் சட்டப்படி மரபுச்சின்னம் (கோட் ஆஃப் ஆர்ம்ஸ்) என்பது ஒரு குடும்பப் பெயருக்கோ ஒரு குலத்துக்கோ உரியதன்று. அது ஒரு தனி மனிதரின் உடைமை. கேடயம், அதன்மேல் தலைக்கவசம், கவசத்தின் உச்சியில் அமரும் முடிச்சின்னம், முழக்க வாசகம் ஆகியவை சேர்ந்த முழு வடிவத்தை, எந்த மாற்றமும் இல்லாமல், ஒரு காலத்தில் ஒருவர் மட்டுமே பயன்படுத்தலாம். எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் நினைவுப்பொருள் விற்கும் கடைகள் ‘உங்கள் குடும்பச் சின்னம்’ என்று கோப்பையிலும் சாவிக்கொத்திலும் அச்சிட்டுத் தருபவை பெரும்பாலும் அதே பெயர் கொண்ட வேறு யாருக்கோ எப்போதோ வழங்கப்பட்டவை. அவற்றை ஆசைக்கு வாங்கி வைப்பது வேறு. தமக்கே உரியது என்று காட்டி அணிவதும் அச்சிடுவதும் வேறு. சட்டம் குறுக்கிடுவது இரண்டாவதில்தான்.

இந்தத் துறையின் அதிகாரி ‘லார்ட் லயன் கிங் ஆஃப் ஆர்ம்ஸ்’ என்ற பழைய பதவிப் பெயரைத் தாங்கியவர். சின்னங்களை வழங்குபவரும் அவரே, அவை பற்றிய வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியும் அவரே. எடின்பரோவின் நியூ ரெஜிஸ்டர் ஹவுஸ் கட்டடத்தில் இயங்கும் அவருடைய நீதிமன்றத்துக்குத் தனியாக ஓர் அரசு வழக்குத் தொடுநரும் உண்டு. 1592-ஆம் ஆண்டுச் சட்டமும் 1672-ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கு அடிப்படை. பின்னதன்படி தொடங்கப்பட்ட பொதுப் பதிவேடு இன்றும் தொடர்கிறது. அதில் ஏறாத சின்னம் எதையும் ஸ்காட்லாந்தில் பயன்படுத்துவது குற்றம். இங்கிலாந்தில் இதற்கு இணையான நீதிமன்றம் 1737-க்குப் பிறகு ஒரே ஒரு முறை, 1954-இல்தான் கூடியது. ஸ்காட்லாந்தின் லயன் நீதிமன்றமோ அன்றாடம் இயங்கும் அலுவலகம்.

அப்படியானால், ஸ்காட்லாந்து ஆண்களின் மரபு உடையான கில்ட் என்னும் மடிப்புப் பாவாடை அணிந்து செல்வோரின் தொப்பியில் காணும் வெள்ளி முத்திரை எந்த உரிமையில் வந்தது? அது குலத்தலைவரின் முடிச்சின்னம். அவர்மேல் பற்றுடையவர் என்பதைக் காட்ட மட்டுமே மற்றவர்கள் அணிவது. ஸ்கை தீவின் டன்வேகன் கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட மேக்லியோட் குலத்தை எடுத்துக்கொள்ளலாம். அக்குலத்தார் அணியும் முத்திரையில் இரண்டு கொடிகளுக்கு நடுவே ஒரு காளைத் தலை இருக்கும். அதைச் சுற்றி வட்டமாக வளைந்து, முனை பக்கிளில் நுழைந்து தொங்கும் ஒரு தோல்வாரின் வடிவம் இருக்கும். வாரின்மேல் ‘விடாது பற்று’ என்னும் பொருளுடைய தலைவரின் முழக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். காளைத் தலையும் முழக்கமும் தலைவருக்குச் சொந்தம். ‘நான் அவருடைய ஆள்’ என்று சொல்வது அந்த வாரும் பக்கிளும்தான். முற்காலத்தில் தலைவர் தம் ஆட்களுக்கு உலோகத் தகடு கொடுத்து வாரால் கட்டிக்கொள்ளச் செய்ததன் எச்சம் இது என்று மரபாகச் சொல்வார்கள். வார் இல்லாமல் காளைத் தலையை மட்டும் அணிந்தால், அணிபவர் தம்மையே தலைவராகக் காட்டிக்கொள்கிறார் என்றே கொள்ளப்படும்.

இதே காரணத்தால், குல உறுப்பினர் ஒருவர் தலைவரின் முடிச்சின்னத்தைத் தம் முத்திரை மோதிரத்திலோ வீட்டு வெள்ளிப் பாத்திரங்களிலோ பொறித்துக்கொள்ளக் கூடாது. மோதிரத்தில் பொறிப்பது உடைமையை அறிவிக்கும் செயல். தொப்பியில் குத்துவது சார்பை அறிவிக்கும் செயல். கடிதத்தாளில் அச்சிட விரும்பினால், அது தலைவரின் சின்னம் என்றோ, எழுதுபவர் இன்ன குலத்தின் உறுப்பினர் என்றோ பக்கத்திலேயே விளங்கச் சொல்லிவிட வேண்டும். தலைவரின் கேடயத்தைப் பயன்படுத்துவதற்கு வாரும் பக்கிளும் போட்டாலும் வழியில்லை.

கழுகு இறகுகளின் கணக்கை வெளியூர்க்காரர்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள். முத்திரைக்குப் பின்னால் மூன்று இறகு செருகியவர் குலத்தலைவர்; இரண்டு என்றால் குலத்தின் பெரிய கிளை ஒன்றின் தலைவர்; ஒன்று என்றால் தம் பெயரில் சின்னம் பதிவு பெற்றவர். இந்த மூவரும் வாருக்குப் பதிலாக எளிய வளையத்துக்குள் தத்தம் முடிச்சின்னத்தை அணிவார்கள். சாதாரண உறுப்பினருக்கு இறகே கிடையாது. திருமணத்துக்கு வாடகை உடை தரும் கடையில் அழகுக்காக ஓர் இறகைச் செருகிக் கொடுத்தால், அதை எடுத்துவிட்டு அணிவதே முறை. இறகுக்குப் பதிலாக, குலத்துக்குரிய செடியின் சிறு கொத்தை முத்திரைக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். அதற்கு யாரும் தடை சொல்வதில்லை.

டார்ட்டன் கட்டத் துணிக்கு இந்தச் சட்டம் எதுவும் பொருந்தாது. அதற்கென 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒரு பதிவேடு உண்டு என்றாலும், அது வடிவங்களைப் பதிந்து வைக்கிறதே தவிர யார் அணியலாம் என்று விதிப்பதில்லை. அரச குடும்பத்துக்கென்று ஒதுக்கிய பால்மோரல் வடிவத்தை மற்றவர்கள் அணியாதது மரியாதை கருதியே. ஆகவே கிளாஸ்கோவிலோ எடின்பரோவிலோ பட்டமளிப்பு விழாவுக்குக் கில்ட் வாடகைக்கு எடுக்கும் நம் ஊர் மாணவர் துணியின் கட்டத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. தொப்பியையும் இறகையும் பார்த்துக்கொண்டால் போதும்.

கொடியில் கவனம் வேண்டும். நீலத்தில் வெள்ளைப் பெருக்கல் குறி கொண்ட சால்டயர் கொடி எல்லோருக்கும் பொது. மஞ்சளில் சிவப்புச் சிங்கம் எழுந்து நிற்கும் கொடியோ அரசரின் சொந்தக் கொடி. அவரும் அவருடைய சில உயர் பிரதிநிதிகளும் தவிர மற்றவர்கள் அதைக் கம்பத்திலோ கட்டடத்திலோ ஏற்றக் கூடாது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் 1935-ஆம் ஆண்டு வெள்ளி விழாவை ஒட்டி, விசுவாசத்தின் அடையாளமாக மக்கள் அதைக் கையில் பிடித்து அசைக்கலாம் என்று 1934-இல் இசைவு தந்தார். கால்பந்து மைதானங்களில் அத்தனை சிங்கக் கொடிகள் பறப்பது அந்தச் சலுகையின் நிழலில்தான்.

விதியை மீறினால் பழைய சட்டங்கள் விதித்த அபராதம் 100 ஸ்காட்லாந்து பவுண்டு. பிரிட்டிஷ் நாணயமான ஸ்டெர்லிங் கணக்கில் 8 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ்தான். தொகையைப் பார்த்துச் சிரிப்பு வரலாம். ஆனால் அனுமதியில்லாத சின்னம் பொறித்த பொருள்களைப் பறிமுதல் செய்யவும் சட்டம் இடம் தருகிறது. வணிக நிறுவனத்துக்கு உறைப்பது அதுவே. அபர்தீன்ஷையரில் கோல்ஃப் மைதானம் அமைத்த டிரம்ப் நிறுவனம், 2008-இல் பதிவு பெறாத சின்னத்தைப் பயன்படுத்தி இச்சட்டத்தில் சிக்கி, 2012-இல் முறைப்படி புதிய சின்னம் பெற்றது. ஏர் யுனைடெட் கால்பந்துக் கழகமும் 2015-இல் இதே சிக்கலுக்கு உள்ளாகி, பின்னர் தன் முத்திரையை மாற்றிக்கொண்டது.

சொந்தமாகச் சின்னம் வேண்டுவோர் லார்ட் லயனுக்கு மனு அளிக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் நிலையாக வாழ்பவரோ அங்கே வீடு, நிலம் உள்ளவரோ மனுச் செய்யலாம். பிறந்த நாடோ இனமோ தடையில்லை என்பதால், அங்கே குடியேறிய தமிழரும் இதற்குத் தகுதியானவரே. ‘நற்பண்பும் தகுதியும் உடையவர்’ என்பதே 1672-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும் அளவுகோல். கனடாவில் 1988 முதல் தனி ஆணையம் இருப்பதால், அந்நாட்டவர் அங்கேயே விண்ணப்பிப்பது வழக்கம். கட்டணம் ஆயிரக்கணக்கான பவுண்டு. அது அரசுக் கருவூலத்துக்குச் செல்கிறது. கேடயம் மட்டும் போதும் என்றால் குறைவு, முடிச்சின்னமும் முழக்கமும் சேர்ந்தால் கூடுதல். கேடயத்தின் இருபுறமும் தாங்கி நிற்கும் விலங்கு உருவங்களைப் பணம் கொடுத்துப் பெற முடியாது. அவை பிரபுக்கள், குலத்தலைவர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே உரியவை. புதிய வடிவம் பதிவேட்டில் உள்ள எதனோடும் குழம்பாதபடி அமைந்த பின், வண்ணம் தீட்டிய பட்டயம் வழங்கப்பட்டு, அதன் நகல் பதிவேட்டில் ஏறும்.

இப்படிப் பெற்ற சின்னம் மாற்றமின்றி மூத்த வாரிசுக்கே சேரும். தந்தை உயிரோடிருக்கும்வரை மூத்த மகன் கேடயத்தின் மேற்பகுதியில் மூன்று தொங்கல் கொண்ட பட்டை ஒன்றைச் சேர்த்துப் பயன்படுத்தலாம். இளைய மகன்கள் லயன் நீதிமன்றத்தில் தனியே பதிவு செய்து, பெரும்பாலும் கேடயத்தைச் சுற்றி ஒரு கரை சேர்த்து, வேறுபடுத்திய வடிவத்தைப் பெற வேண்டும். அப்படிப் பதியாமல் தந்தையின் கேடயத்தை அப்படியே பயன்படுத்தும் இளைய மகன், அந்நியர் ஒருவரைப் போலவே விதியை மீறியவராவார்.