விமானப்படை அனுபவம் சிவில் வேலையாக மாற

ஓய்வு பெறும் விமானப்படைக்காரர்களின் பயோடேட்டாக்கள் என் மேஜைக்கு அடிக்கடி வருகின்றன. பெங்களூரில் ஒரு விமானப் பராமரிப்பு நிறுவனத்தின் குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆள் எடுக்கும்போது தொழில்நுட்ப நேர்காணலில் உட்காருவதும் என் பொறுப்பு. நானும் விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிப்பவனாக இருந்து, பிறகு சிவில் விமானப் பராமரிப்பு லைசன்ஸ் எடுத்து இந்தப் பக்கம் வந்தவன்தான். சொந்த ஊர் காட்பாடி. ஊருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் குடியாத்தம், ஆற்காடு, கணியம்பாடி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வீடு தேடி வந்து வழி கேட்கிறவர்களும் உண்டு. 'ராணுவப்பேட்டை' என்று பேர் எடுத்த கம்மவான்பேட்டை இருக்கிற மாவட்டம் இது. கேட்க வருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை.

அவர்களில் பலருக்கு வயது 40-ஐ ஒட்டி இருக்கும். பத்தொன்பது இருபது வயதில் சேர்ந்து, 20 வருஷம் முடித்து, சார்ஜென்டாகவோ ஜூனியர் வாரண்ட் ஆபீசராகவோ வெளியே வந்திருப்பார்கள். பென்ஷன் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் அப்போதுதான் எட்டாவது, பத்தாவது படித்துக்கொண்டிருப்பார்கள். ஊருக்கு வந்து கொஞ்ச நாளில் ஏதோ ஒரு கல்லூரி வாசலிலோ ஆஸ்பத்திரி வாசலிலோ செக்யூரிட்டி சூப்பர்வைசராகச் சேர்ந்துவிடுகிறார்கள். அந்த வேலையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விமானத்தின் ஹைட்ராலிக் சிஸ்டத்தில் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஒருவர், வருகிற வண்டிகளின் நம்பரை எழுதிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் மனசு ஆறுவதில்லை. நாடு பல வருஷம் செலவு செய்து கற்றுக்கொடுத்த தொழில் அது.

"இருபது வருஷ சர்வீஸ் சார், ஏதாவது ஏர்லைன்ஸ்ல சொல்லிவிடுங்க" என்றுதான் பேச்சு தொடங்கும். நான் திருப்பிக் கேட்பேன்: "எந்த விமானத்துல வேலை பார்த்தீங்க? கடைசியா எப்போ, என்ன வேலையைக் கைவச்சு செஞ்சீங்க? எதுக்குக் கையெழுத்துப் போடுற அதிகாரம் இருந்தது?" பதில் அவரிடம் இருக்கும், பயோடேட்டாவில் இருக்காது. அதில் இருப்பதெல்லாம் பதவி, பணியாற்றிய ஊர்கள், பதக்கங்கள், அப்புறம் 'ஒழுக்கமானவர், கடும் உழைப்பாளி' என்ற வரி. ஆள் எடுக்கும் மேலாளர் பலருக்கு ஜேடபிள்யூஓ (ஜூனியர் வாரண்ட் ஆபீசர்) என்றால் என்னவென்றே தெரியாது. அவர் தேடுவது விமானத்தின் பெயர், எஞ்சினின் பெயர், செய்த வேலை, அதற்கான சான்று. அது கிடைக்காவிட்டால் அடுத்த காகிதத்துக்குப் போய்விடுவார்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 'போக்குவரத்து விமான ஸ்குவாட்ரனில் எஞ்சின் பிரிவு இன்சார்ஜ்' என்று ஒருவர் எழுதியிருந்தார். உட்கார்ந்து பேசியதில் தெரிந்தது, ஏஎன்-32 விமானத்தில் ஏஐ-20 டர்போபிராப் எஞ்சினை இறக்கி ஏற்றியிருக்கிறார், ப்ரொப்பெல்லர் மாற்றியிருக்கிறார், எஞ்சின் ஓட்டிப் பார்த்து அளவுகளைப் பதிவு செய்திருக்கிறார், இளைஞர்களுக்கு அதைச் சொல்லியும் கொடுத்திருக்கிறார். இவை தனித்தனி வரிகளாக வர வேண்டியவை. பதவியை ஒரே வரியில், 'ஷிஃப்ட் சூப்பர்வைசருக்கு இணையான பொறுப்பு' என்று புரியும்படி எழுதினால் போதும்.

கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். விமானப்படையில் எஃப்-700 என்ற பராமரிப்புப் பதிவுப் படிவத்தில் வேலை செய்தவர் கையெழுத்துப் போடுவார், மேற்பார்வையாளர் சரிபார்த்துப் போடுவார், கடைசியில் விமானி பார்த்து ஏற்றுக்கொள்வார். சிவில் பக்கமும் இதே ஒழுங்குதான். வேலை முடிந்ததும் விமானத்தைச் சேவைக்கு விடுவதற்கான சான்று, அதாவது சிஆர்எஸ், கையெழுத்தாக வேண்டும். ஒவ்வொரு டூலையும் எண்ணி வைப்பது, முக்கியமான வேலையை இரண்டாவது ஆள் தனியாகச் சரிபார்ப்பது என்று நமக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கங்களெல்லாம் இங்கே அப்படியே தேவைப்படுகின்றன. வித்தியாசம் ஓரிடத்தில்தான். படையில் அந்த அதிகாரத்தை யூனிட் கொடுக்கிறது, யூனிட்டை விட்டு வந்த அன்றே அது போய்விடும். சிவிலில் டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், கொடுக்கும் லைசன்ஸ் உங்கள் பெயரில் இருக்கும். அதை வைத்து, வேலை செய்யும் நிறுவனம் தன் அங்கீகாரத்தைக் கொடுக்கும். லைசன்ஸ் இல்லாதவர் டெக்னீஷியனாகச் சேரலாம், வேலை செய்யலாம், ஆனால் விமானத்தை விடுவிக்க முடியாது. சம்பளத்திலும் மரியாதையிலும் தெரியும் இடைவெளி இங்கிருந்துதான் வருகிறது.

இந்த லைசன்ஸ் சிஏஆர்-66 என்ற விதியின் கீழ் வருகிறது. டர்பைன் எஞ்சின் உள்ள விமானத்தின் மெக்கானிக்கல் பக்கத்துக்கு பி1.1, டர்பைன் ஹெலிகாப்டருக்கு பி1.3, ஏவியானிக்ஸுக்கு, அதாவது விமானத்தின் மின், மின்னணுக் கருவிகளுக்கு, பி2. ரேடியோ, எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்ட் டிரேடுகளில் இருந்தவர்களுக்கு பி2 பக்கம்தான் பொருந்தும். தேர்வு மாட்யூல் மாட்யூலாக, அதாவது பாடம் பாடமாக நடக்கும். ஒவ்வொன்றிலும் 75% எடுக்க வேண்டும். ராணுவ விமானங்களில் செய்த பராமரிப்பை டிஜிசிஏ அனுபவமாக ஏற்க விதியில் இடம் உண்டு. ஆனால் அது மட்டும் போதாது, சிவில் விமானப் பராமரிப்பிலும் கூடுதல் அனுபவம் காட்ட வேண்டும். நம் ஆட்கள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். 20 வருஷம் இருக்கிறதே, லைசன்ஸ் கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த நினைப்பைப் பயன்படுத்தி, 'தேர்வும் வேண்டாம், பணம் கட்டுங்கள், லைசன்ஸ் வாங்கித் தருகிறோம்' என்று சொல்லும் தரகர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். டிஜிசிஏவிடம் கம்ப்யூட்டர் நம்பர் என்கிற தேர்வர் பதிவு எண் வாங்கித் தேர்வு எழுதுவது ஒன்றே வழி.

எந்த விமானத்தில் வேலை பார்த்தோம் என்பதற்கு நீங்கள் நினைப்பதைவிட மதிப்பு அதிகம். அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி இருக்கிறது, 1992-ல் தொடங்கிய கடற்படை விமானத் தளம். அங்கிருந்து பறக்கும் பி-8ஐ ரோந்து விமானம், போயிங் 737-800 என்ற பயணிகள் விமானத்தின் உடலை அடிப்படையாகக் கொண்டது. அதன் எஞ்சின் சிஎஃப்எம்56-7பி. நம் ஏர்லைன்ஸ்களின் 737-800 விமானங்களில் இருப்பதும் அதே எஞ்சின் குடும்பம்தான். பி-8ஐயில் வேலை பார்த்த ஒரு கடற்படை டெக்னீஷியன் வெறும் 'நேவல் ஏவியேஷன், 15 வருஷம்' என்று எழுதினால் எனக்கு வயிறு எரிகிறது. சிஎஃப்எம்56 என்ற பெயர் பயோடேட்டாவின் முதல் பத்தியில் இருக்க வேண்டும். விமானப்படையின் சி-295-க்கும் இதே கதைதான். அதன் பிடபிள்யூ127 எஞ்சின் குடும்பம்தான் ஏடிஆர்-72 விமானத்திலும் இருக்கிறது, உள்நாட்டுச் சின்ன ஊர்களுக்குப் பறக்கும் அதே ஏடிஆர். டோர்னியர்-228-ஐயும் இங்கே சிவிலில் ஓட்டுகிறார்கள். இதனால் நேராக லைசன்ஸ் கிடைத்துவிடாது, டைப் பயிற்சி, அதாவது அந்தக் குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சி, தனியாக முடிக்க வேண்டும். ஆனால் நேர்காணலில் உங்களோடு பேச எங்களுக்கு ஒரு பொது மொழி கிடைத்துவிடுகிறது.

சுகோய்-30, ஜாகுவார் போன்ற போர் விமானங்களில் இருந்தவர்கள் "எங்க எஞ்சினுக்கு வெளியே சொந்தமே இல்லையே" என்று தளர்ந்து போகிறார்கள். எஞ்சினை விடுங்கள். போரோஸ்கோப் வைத்து எஞ்சினின் உட்பக்கம் பார்த்தீர்களா? ஷீட் மெட்டல் ரிப்பேர் செய்தீர்களா? என்டிடி என்கிற அழிவில்லாச் சோதனை தெரியுமா? இந்தத் திறமைகளுக்கு விமானமே தேவையில்லை. ராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தைச் சுற்றி இருக்கும் ஃபேப்ரிகேஷன் தொழிலில் வெல்டிங்கைச் சோதிக்க என்டிடி ஆட்கள் வேண்டும். லெவல்-2 சான்றிதழ் எடுத்துக்கொண்டால் வீட்டிலிருந்தே வேலைக்குப் போய் வரலாம். பயணிகள் விமானத்துக்கு மட்டும்தான் மதிப்பு என்று ஏன் நினைக்க வேண்டும்?

வேலூர் அப்துல்லாபுரம் விமான நிலையம் வந்தால் வேலை கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். சிறு விமானங்கள் வந்து இறங்கிப் போகும் நிலையத்தில் பெரிய பராமரிப்பு வேலை இருக்காது. வேலை இருப்பது பெங்களூர், ஓசூர், சென்னை, ஹைதராபாத் பக்கம். குடும்பத்தை வேலூரில் வைத்துவிட்டு வாரக் கடைசியில் காட்பாடி ரயில் பிடிக்க மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். முதல் ஒன்றிரண்டு வருஷம் சம்பளம் குறைவாகவே இருக்கும், உங்களைவிடப் பதினைந்து வயது இளையவர் உங்களுக்கு வேலை சொல்லுவார். இதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவெடுத்தவர்கள் நிலைத்து நிற்கிறார்கள். பேசாமல் வந்தவர்கள், ரிட்டயர் ஆகியும் ஏன் வெளியூரில் கிடக்க வேண்டும் என்ற கேள்வி வந்ததும் திரும்பிப் போய்விடுகிறார்கள்.

எல்லாரும் பராமரிப்புக்கே வர வேண்டும் என்பதில்லை. ஸ்டோர்ஸ், லாஜிஸ்டிக்ஸில் இருந்தவர்கள் கிடங்கு மேலாண்மைக்குப் போகலாம், தீயணைப்புப் பயிற்சி உள்ளவர்களுக்கு விமான நிலையங்களில் இடம் உண்டு. ட்ரோன் பக்கம் ஆர்வம் இருந்தால், டிஜிசிஏ அங்கீகரித்த பயிற்சி நிலையத்தில் படித்து ரிமோட் பைலட் சான்றிதழ் எடுக்கலாம். அரசு வேலை வேண்டுமென்றால் மத்திய அரசின் குரூப்-சி பணிகளில் முன்னாள் படைவீரருக்கு 10% ஒதுக்கீடு இருக்கிறது, வயதிலும் தளர்வு உண்டு. அதற்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் பதிவு செய்யுங்கள்.

இதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் தொடங்க வேண்டிய நேரம், சர்வீஸில் இன்னும் இரண்டு மூன்று வருஷம் மீதி இருக்கும்போது. ஓய்வு பெறும் படைவீரர்களின் மறுவாழ்வுக்கான டிஜிஆர் இயக்குநரகம் நடத்தும் பயிற்சிகளைக் கண்ணில் பட்டதும் எடுக்காமல், போக நினைக்கும் வேலைக்குப் பொருந்துவதாகப் பாருங்கள். அனுமதி வாங்கி மாட்யூல் தேர்வுகளை அங்கிருந்தே எழுதுங்கள். செய்த பயிற்சிகளின் சான்றிதழ், டிரேடு தேர்ச்சி, மேற்பார்வைப் பொறுப்பு எல்லாவற்றுக்கும் கையெழுத்திட்ட சான்று, யூனிட்டில் இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். வெளியே வந்தபின் ஒரு காகிதத்துக்காகப் பழைய யூனிட்டுக்குக் கடிதம் எழுதி மாதக்கணக்கில் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் கவனம்: ரகசியப் பதிவேடு எதையும் நகல் எடுக்காதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். எத்தனை விமானம் பறக்கும் நிலையில் இருந்தது, என்ன ஆயுதம் மாட்டினோம் என்பது எந்த நேர்காணலிலும் தேவையில்லை. யாராவது கேட்டால் சொல்ல முடியாது என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்கிறவர் மேல் எங்களுக்கு நம்பிக்கை கூடத்தான் செய்யும்.

இப்போது அக்னிவீர் தம்பிகளின் பெற்றோரும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். 2022 கடைசியில் சேர்ந்த முதல் அணிக்கு 2026 கடைசியில் 4 வருஷம் முடிகிறது. நிரந்தரமாக எடுக்கப்படுவது அதிகபட்சம் 25% பேர். மற்றவர்களுக்குப் பென்ஷன் கிடையாது, கையில் சேவா நிதியாக 11 லட்சத்துக்குச் சற்று மேல் வரும். அவர்களுக்குச் சாதகமான விஷயம் வயது. வெளியே வரும்போது பலருக்கு 25கூட ஆகியிருக்காது. அந்த வயதில் டிஜிசிஏ அங்கீகரித்த விமானப் பராமரிப்புப் பள்ளியில் முழுநேரமாகச் சேர்ந்து படிக்க முடியும், 40 வயதுக்காரருக்கு அது கஷ்டம். பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது, அந்தப் பணம் பேங்கில் விழுந்ததும் மாடி எடுக்கவோ பைக் வாங்கவோ கை வைக்காதீர்கள், முதலில் படிப்புச் செலவுக்கு ஒதுக்கி வையுங்கள் என்பதுதான். சேரும் முன் அந்தப் பள்ளியின் பெயர் டிஜிசிஏ பட்டியலில் இருக்கிறதா, நீங்கள் சேரும் பிரிவுக்கு அனுமதி நடப்பில் இருக்கிறதா என்று அவர்களுடைய இணையதளத்தில் நீங்களே பாருங்கள். பள்ளிக்காரர்கள் காட்டும் காகிதத்தை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.