‘ஏ?’ என்று கேட்கும் கால்குலேட்டர்

காட்பாடி, குடியாத்தம் பக்கம் ஏரிக்கரையை ஒட்டிக் கிடக்கும் நிலமெல்லாம் சதுரமாக இருந்துவிடுவதில்லை. முக்கோணத் துண்டாக இருந்தால் மூன்று பக்கமும் டேப் பிடித்து, ஹெரான் சூத்திரத்தில் போட்டுப் பரப்பு காண்பார்கள். இதை வெயிலில் நின்றபடி ஒவ்வொரு முறையும் முழுதாகத் தட்டுவது வீண் வேலை. புரோகிராம் வசதியுள்ள கேசியோ சயின்டிபிக் கால்குலேட்டரில் இந்த ஒரே வரி போதும்:

? → ஏ : ? → பி : ? → சி : (ஏ+பி+சி)÷2 → டி : √(டி(டி−ஏ)(டி−பி)(டி−சி)) → எக்ஸ் ◢ எக்ஸ்÷40.47

ஏ, பி, சி மூன்று பக்கங்கள். அம்புக்குறி, மதிப்பை அந்த எழுத்துக்குரிய நினைவிடத்தில் வைக்கச் சொல்கிறது. ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர் என்பதால் கடைசியில் அதால் வகுக்கிறோம். கேள்விக்குறிக்கு வந்ததும் சிப் கணக்கை நிறுத்திவிட்டு, திரையில் ‘ஏ?’ என்று காட்டிக் காத்திருக்கிறது. பொத்தான்களுக்கு அடியில் கம்பித் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. வரிசை வரிசையாக மின்துடிப்பு அனுப்பி, அது எந்த நெடுந்தடம் வழியாகத் திரும்புகிறது என்று பார்த்தே எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதைச் சிப் அறிகிறது. நாம் 2, 6 என்று தட்டினாலும் அவை உடனே ‘ஏ’யில் ஏறுவதில்லை, தற்காலிக இடத்தில் நிற்கின்றன. கட்டளையை நிறைவேற்றும் எக்ஸி (EXE) பொத்தானை அழுத்திய பிறகே 26 என்பது ‘ஏ’ என்ற நினைவிடத்துக்குப் போகிறது. அதுவரை அழித்துத் திருத்தலாம்.

எழுத்தைக் காட்டிக் கேட்பது சாதாரண வசதி அல்ல. 1974இல் வந்த ஹியூலெட்-பேக்கர்ட் நிறுவனத்தின் எச்பி-65, கையடக்கக் கால்குலேட்டர்களில் புரோகிராம் ஏற்கும் முதல் கருவி. 100 படிகள் கொண்ட புரோகிராமைக் காந்த அட்டையில் பதிந்து வைக்கலாம். ஆனால் அதன் திரை எண்களைக் காட்டவே அமைந்தது. புரோகிராம் நின்றால், அடுத்து எந்த அளவைக் கொடுக்க வேண்டும் என்பதை நாம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இனி அந்தச் சிறு கறுப்பு முக்கோணம். முக்காற்புள்ளி (:) ஒரு கட்டளையை அடுத்ததிலிருந்து பிரிக்கிறது, அவ்வளவுதான். விடையைக் காட்டாமல் கடந்துவிடும். ◢ அப்போதைய விடையைத் திரையில் நிறுத்தி, எக்ஸி அழுத்தும் வரை காத்திருக்கும். கடைசி விடைக்கு அது தேவையில்லை. புரோகிராம் முடிந்ததும் தானே தெரியும். பக்கங்கள் 26, 28, 30 மீட்டர் என்றால் முதலில் 336 சதுர மீட்டர்; மறுபடி அழுத்தினால் சுமார் 8.3 சென்ட்.

26ஐத் தவறி 62 என்று தட்டினால் கணிதப் பிழை என்று கருவி நின்றுவிடும். மற்ற இரு பக்கங்களின் கூட்டுத்தொகை 58தானே. அப்படியொரு முக்கோணமே கிடையாது, வர்க்கமூலத்துக்குள் எதிர்மறை எண் வந்துவிடுகிறது. ஆனால் 36 என்று தட்டினால் கருவி மறுபேச்சில்லாமல் 10.1 சென்ட் என்று சொல்லும். ஏறக்குறைய இரண்டு சென்ட் வித்தியாசம்! மனை விலை போகிற போக்கில் இது சண்டைக்கே காரணமாகும். ஆகவே நினைவகத்தில் இடமிருந்தால், கணக்குக்கு முன்பே ஏ ◢ பி ◢ சி ◢ என்று சேர்த்துவிடுவது நல்லது. கொடுத்த அளவுகளைக் கருவி ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டும். அளவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். கூடுதலாக மூன்று முறை எக்ஸி அழுத்த வேண்டியிருப்பது ஒரு பொருட்டே அல்ல.

நாற்கர மனை என்றால் நான்கு பக்கங்களோடு மூலைவிட்டத்தையும் அளந்துகொண்டு, இரண்டு முக்கோணமாகப் பிரித்து இதே புரோகிராமை இருமுறை ஓட்டிக் கூட்டிக்கொள்ளலாம். மூலைவிட்டம் இரண்டு முறையும் வருவதால், அதை மட்டும் இரண்டு பேர் தனித்தனியே அளந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.