யாரும் சொல்லாமலே குழந்தைக்கு எப்படித் தெரிகிறது?

செருப்புக் காலோடு உள்ளே வந்த விருந்தாளியை, இரண்டரை வயதுப் பேரன் "கழட்டுங்க" என்று வழிமறித்தானாம். "யாரும் சொல்லித்தரவில்லையே, எப்படி?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

பாராட்டு, திட்டு, கதை என்று வளர்ப்பின் வழிகள் நாம் அறிந்தவைதான். அவற்றோடு, பார்த்துச் செய்வது என்று ஒன்று இருக்கிறது. அதில் மனிதக் குழந்தை தனி ரகம். ஹார்னரும் வைட்டனும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் பெட்டியின் மேல் துளையில் குச்சியால் குத்துவார். பிறகு முன்பக்கத் துளை வழியாகப் பரிசை எடுப்பார். மேலே குத்துவது வீண் வேலை. பெட்டி கண்ணாடிபோல் தெளிவாக இருந்தபோது உகாண்டாவின் சிம்பன்சிகள் அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. ஸ்காட்லாந்தின் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளோ அதையும் விடாமல் செய்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 2008இல் ரகோசி, வார்னெக்கன், டொமசெல்லோ வெளியிட்ட ஆய்வு. பெரியவர் ஒருவர் ஒரு பொருளை வைத்து ஏதோ செய்து காட்டி, "இதுதான் டாக்ஸ்" என்பார். அர்த்தமில்லாத, ஆய்வுகளுக்கென்றே உண்டாக்கிய சொல். அப்புறம் ஒரு கைப்பொம்மை வந்து, "நானும் டாக்ஸ் பண்ணப்போகிறேன்" என்று சொல்லிவிட்டு வேறு மாதிரிச் செய்யும். உடனே மூன்று வயதுக் குழந்தைகள் "அப்படி இல்லை!" என்று தடுத்தார்கள். பொம்மை டாக்ஸ் என்று சொல்லாமல் அதையே செய்தால் இந்த எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது. பொம்மை தப்பாக ஆடியதால் குழந்தைக்கு ஒரு நஷ்டமும் இல்லை, திருத்தச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. "அவர் இப்படிச் செய்தார்" என்பது அந்தப் பிஞ்சு மனதில் "எல்லோரும் இப்படித்தான் செய்ய வேண்டும்" என்று மாறிவிட்டது! கற்பிக்கும் பாவனையே இல்லாமல் பெரியவர் தானாகச் செய்ததைப் பார்த்தாலும் இது நடக்கிறது என்று 2011இல் வந்த தொடர் ஆய்வு காட்டியது. பேரனும் தினம் வாசலில் பார்த்ததைத்தான் விதியாக எடுத்துக்கொண்டிருப்பான்.

பார்த்தது நல்லதா கெட்டதா என்று மூன்று வயது சலித்துப் பார்ப்பதில்லை. வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளரில் காபி கொடுப்பதையும் குழந்தை அதே கண்ணால்தான் பார்க்கிறது. "நாங்கள் பிள்ளைக்குச் சாதி சொல்லி வளர்க்கவில்லை" என்பவர்களின் பேச்சை அதனால்தான் என்னால் ஏற்க முடிவதில்லை. குழந்தை உளவியல் ஆய்வுகளில் பெரும்பகுதி மேலைநாட்டு நகரக் குழந்தைகளை வைத்தே நடக்கிறது. அந்த டம்ளரைக் குழந்தை எந்த வயதில் விதியாக எடுத்துக்கொள்கிறது என்பதை நம் வீடுகளில், நம் பல்கலைக்கழகங்கள் ஆராய வேண்டும். அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும்.