ஓடைப் பாடலா, மடைப் பாடலா?

நடன வீடியோ விளையாட்டுகளைப் பற்றிய அறிமுகக் கட்டுரை ஒன்றில் அண்மையில் இந்த வரியைப் படித்தேன்: “ஆண்டுச் சந்தா செலுத்தினால் நூற்றுக்கணக்கான ஓடைப் பாடல்களுக்கு ஆடி மகிழலாம்.” அக்காவிடம் படித்துக் காட்டினேன். “ஓடைப் பாடல் என்றால் என்ன தம்பி, ஏற்றப்பாட்டு மாதிரியா?” என்று கேட்டாள். அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. ஏற்றப்பாட்டு, நடவுப் பாட்டு, ஓடப் பாட்டு என்று பாடுகிற இடமும் தொழிலும் முன்னால் நின்று பாட்டுக்குப் பெயர் கொடுப்பது நம் வழக்கம். அந்த வழக்கப்படி அவள் பொருள் கொண்டாள். பிழை எழுதியவருடையது. பாட்டையும் படத்தையும் இணையத்திலிருந்து வர வர இயக்கும் ‘ஸ்ட்ரீமிங்’ என்பதற்கு ‘ஓடை’ என்று எழுதுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

சொல்லின் வரலாறு சிறியதுதான். ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ரீம்’ என்றால் ஓடும் நீர். கணினிக்காரர்கள் அதைத் தொடர்ந்து வரும் தரவுக்கு ஆண்டார்கள். 1995இல் ரியல்ஆடியோ என்ற மென்பொருள் வந்தபோது, கோப்பு முழுவதும் இறங்கும் வரை காத்திராமல் வர வரக் கேட்கும் முறை இணையத்தில் பரவலாயிற்று. நம் ‘ஓடை’ ஓடு என்னும் வினையடியாகப் பிறந்தது. சங்கப் பாடல்களில் யானையின் நெற்றிப்பட்டத்துக்கும் ஓடை என்ற பெயர் உண்டு. நல்ல தமிழ்ச் சொல், பழைய சொல். அதன் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை.

ஆனால் அது இங்கே பொருந்துமா? பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்டின் ‘ஜஸ்ட் டான்ஸ்’ விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். 2009இல் ‘வீ’ என்ற விளையாட்டுக் கருவிக்கு வந்தபோது, வட்டில் இருந்த பாடல்கள்தான் பாடல்கள். திரையில் ஒருவர் ஆடுவார். கண்ணாடியில் பார்ப்பதுபோல அவரைப் பார்த்து நாம் ஆட வேண்டும். கையில் பிடித்த கருவி நம் அசைவை அளந்து புள்ளி தரும். 2015இல் வெளியான ‘ஜஸ்ட் டான்ஸ் 2016’ உடன் ‘ஜஸ்ட் டான்ஸ் அன்லிமிடெட்’ என்ற சந்தாச் சேவை வந்தது. முந்தைய ஆண்டுகளின் பாடல்கள் நிறுவனத்தின் சேவைக்கணினியில் இருக்கும். நாம் தேர்ந்தெடுத்ததும் அந்தப் பாட்டு, அதற்கான ஆட்டப் படம், அடுத்த அசைவைக் காட்டும் குறிப்படங்கள் எல்லாம் இணையம் வழியே வரும். 2022இல் ‘ஜஸ்ட் டான்ஸ் 2023’ பதிப்போடு ‘ஜஸ்ட் டான்ஸ் பிளஸ்’ அதன் இடத்துக்கு வந்தது. பெயர் மாறியதே தவிர ஏற்பாடு அதேதான். சந்தா இருக்கும் வரை பாட்டு வரும். சந்தா முடிந்த மறுநாள் வராது.

ஓடை இப்படியா இருக்கிறது? ஓடை தானாக ஓடுகிறது. அதைத் திறப்பவரும் இல்லை, அடைப்பவரும் இல்லை. வழிப்போக்கன் குனிந்து அள்ளிக் குடித்தால் கணக்குக் கேட்க ஆள் இல்லை. இன்ன வயலுக்கு இன்ன நேரம் என்ற முறையும் இல்லை. ஒருவர் கையில் சாவியும் மற்றவர் கையில் ரசீதும் இருக்கிற ஏற்பாட்டுக்கு இந்தச் சொல்லைச் சூட்டினால், சொல் உண்மையை மறைத்துவிடுகிறது. மேலும் ஓடை என்பது நீர் ஓடும் இடத்தின் பெயர். ஸ்ட்ரீமிங் ஒரு செயல். ‘ஓடையிடுதல்’, ‘ஓடையாக்கம்’ என்றெல்லாம் ஒட்டுப்போட்டு எழுதுகிறார்களே, அதற்கு இதுதான் காரணம்.

‘தாரை’ என்பாரும் உண்டு. வடசொல் என்பதற்காக அதை ஒதுக்க மாட்டேன். தமிழில் தாரை வார்ப்பது என்றால் நீர் ஊற்றி, திரும்பப் பெறாத வகையில் கொடுத்துவிடுவது. எதையும் கொடுத்துவிடாமல் காட்டிவிட்டு எடுத்துக்கொள்ளும் சேவைக்கு இதைவிடத் தவறான சொல் கிடைக்காது. ‘ஒலிபரப்பு’ என்பவர்களுக்கும் இதே பதில்தான்: வானொலி எல்லோருக்கும் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் தருகிறது; இங்கே அவரவர் கேட்டது அவரவர் வீட்டுக்குப் போகிறது. எல்லாவற்றிலும் கொடியது ‘பதிவிறக்கம்’. இறக்கியது நம்மிடம் தங்கும். இது தங்காது.

சந்தா என்பதை மாற்றச் சொல்லும் தனித்தமிழ் அன்பர்களோடு நான் சேரவில்லை. பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த சொல். பத்திரிகைகள் அதை வீடுதோறும் கொண்டு சேர்த்துவிட்டன. இடர் வேறிடத்தில் இருக்கிறது. இதழுக்குச் சந்தா கட்டி அதை நிறுத்தினாலும் வந்த இதழ்கள் பரணில் இருக்கும். அந்தப் பழக்கத்தோடுதான் நாம் பாட்டுச் சந்தாவையும் பார்க்கிறோம். என் அக்கா மகள் ஓராண்டு ஆடிய பாட்டு ஒருநாள் திரையில் பூட்டோடு நின்றபோது, “பணம் கட்டினோமே, அது நம்முடையது இல்லையா?” என்று அழுதாள். சந்தாவோடு நிற்கும் சொல்தான் அந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டும்.

அதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: மடை. நீர் ஏரியில் இருக்கிறது. ஏரி நம்முடையது இல்லை. மடை திறந்தால் வயலுக்கு வரும், அடைத்தால் நிற்கும். ‘பாடல் மடை’ என்றால் சேவை, ‘மடைப் பாடல்’ என்றால் அதில் வரும் பாட்டு, ‘மடைச் சந்தா’ என்றால் அதற்குக் கட்டும் பணம். வினை வேண்டுமா? பாய்ச்சு. ஒட்டு எதுவும் தேவையில்லை. அக்காவிடம் இதைச் சொன்னேன். “அப்படியென்றால் சந்தா முடிந்தால் அடைத்துவிடுவார்கள்” என்றாள். நான் ஒரு வார்த்தைகூட விளக்கியிருக்கவில்லை.

மடையன், மடமை நினைவுக்கு வருமே என்று நண்பர் ஒருவர் தயங்கினார். ‘மடை திறந்த வெள்ளம்போல்’ என்று பேச்சாளர்களைப் புகழும்போது யாருக்கும் அந்த நினைவு வருவதில்லை. கடைமடை விவசாயிகள் என்று செய்தித்தாளில் படிக்கும்போதும் வருவதில்லை.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள மனக்குறை இதுதான்: அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். அந்தச் சொல் குறிக்கும் பொருள் நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்று பார்ப்பதில்லை. ‘அன்லிமிடெட்’ என்பதை ‘வரம்பற்ற பாடல்கள்’ என்று எழுதினார்கள். அந்தச் சேவையோ ஒரு நாள், ஒரு மாதம், ஓராண்டு என்று கால அளவு கட்டி விற்கப்பட்டது. வரம்பு என்பது வயலின் வரப்புக்கும் பெயர். வரப்பைக் கட்டிவிட்டு வரம்பில்லை என்று எழுதினால் படிப்பவர் எதை நம்புவார்? விளம்பரத்தில் நிறுவனம் அப்படிச் சொல்லலாம். தமிழில் தருபவர் ‘சந்தாக் காலம் முழுவதும் எத்தனை முறையும்’ என்று எழுதியிருக்க வேண்டும்.

மடையை ஏற்றுக்கொண்டால் அடுத்த சொற்கள் தாமாக வருகின்றன. பாட்டின் நடுவே வட்டம் சுற்றி ஆட்டம் நிற்கிறதே, அந்தப் ‘பஃபரிங்’குக்கு ‘இடையகப்படுத்தல்’ என்று எழுதுகிறார்கள். முன்கூட்டிச் சிறிது தரவைச் சேர்த்து வைப்பது தேக்கம். தேக்கியது தீர்ந்து, புதியது வந்து சேராவிட்டால் படம் நிற்கிறது. இணைய வேகம் குறைந்த வீட்டில் இருப்பவரிடம் ‘கடைமடைக்கு இன்னும் வந்து சேரவில்லை’ என்று சொல்லிப் பாருங்கள்.